நீண்ட மௌன முகாம்: எங்கே போய் உட்காருவது?

தியான முகாமுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் பலருக்கும் முதல் பயம், பத்து நாள் பேசாமல் இருக்க முடியுமா என்பதுதான். முடியும். வாயாடிகள்கூட இரண்டாம் நாள் மாலைக்குள் பழகிவிடுகிறார்கள். யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பது சொல்லப்போனால் பெரிய நிம்மதி. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணிக்கு மறுபடி போய் உட்காரும்போது தொடங்கும் முழங்கால் வலி, ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் கிளம்பும் பழைய கோபம், 'இதையெல்லாம் சரியாகத்தான் செய்கிறோமா' என்ற அரிப்பு. அந்த நேரத்தில் யாரிடம் போய்க் கேட்கலாம்? எவ்வளவு நேரம் கேட்கலாம்? அவர் காது கொடுத்துக் கேட்பாரா, 'போய் உட்காருங்கள்' என்று அனுப்பிவிடுவாரா?

பௌத்த முகாம்களுக்குள் பெரிய வித்தியாசம் இங்கேதான். மௌனம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அதற்குள் ஆசிரியரிடம் பேச விடுகிற அந்த ஐந்து பத்து நிமிடம் மரபுக்கு மரபு மாறுகிறது. யாருக்காவது ஒரு முகாமைச் சொல்வதாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள் என்பதை வீரச் செயல்போலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு மணிக்கு எழுப்பினால் ஒன்பதரைக்குத் தூங்கவும் வைத்துவிடுகிறார்கள். அதில் வீரம் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர் அதிகம் அலையாமல் போகக்கூடியவை நான்கு: கோயங்கா முகாம், இலங்கையில் மகாசி முறைப்படி நடக்கும் முகாம், கொடைக்கானல் பெருமாள்மலையில் உள்ள ஜென் மையம், கண்டிப் பக்கம் நிலம்பே தியான மையம். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

கோயங்கா முகாம்

நம் ஊரில் 'விபாசனா போயிட்டு வந்தேன்' என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். சத்ய நாராயண் கோயங்கா 1924இல் மாண்டலேயில் பிறந்த மார்வாடித் தொழிலதிபர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடிப் போய், ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் தியானம் கற்றார். ஊ பா கின் துறவி இல்லை. சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரி. அலுவலக வேலையோடு தியானமும் சொல்லிக்கொடுத்தவர். அதனால்தானோ என்னவோ, இந்த முகாமின் ஒழுங்கில் ஒரு நல்ல அலுவலகத்தின் சாயல் உண்டு. கோயங்கா 1969இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். இகத்புரியில் உள்ள தம்ம கிரியில் 1976இலிருந்து முகாம்கள் நடக்கின்றன. 2013இல் அவர் காலமானார். ஆனாலும் இன்றைக்கும் எல்லா முகாம்களுக்கும் ஆசிரியர் அவர்தான். ஒலிப்பதிவில் அவர் குரல் வரும், இரவில் சொற்பொழிவு வரும். நேரில் இருப்பவர் உதவி ஆசிரியர்.

இந்த ஒரு ஏற்பாடுதான் இந்த முகாமின் பலம், பலவீனம் இரண்டும். சென்னையில் திருமுடிவாக்கம் பக்கம் இருக்கும் தம்ம சேதுவிலும், திண்டுக்கல் பக்கம் இருக்கும் தம்ம மதுராவிலும், கண்டிப் பக்கம் உள்ள தம்ம கூடத்திலும் ஒரே முகாம்தான் நடக்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்குத் தொடங்கி இரவு ஒன்பது வரை, சாப்பாடு ஓய்வு போக, பத்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக உட்கார வேண்டும். முதல் மூன்றரை நாள் ஆனாபானா: மூக்கு நுனியில் மூச்சு படும் இடத்தை மட்டும் கவனிப்பது. நான்காம் நாள் பிற்பகலில் விபாசனா சொல்லித்தருவார்கள். உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை, உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன உணர்ச்சி தெரிகிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது. எது தெரிந்தாலும் அதை விரும்பவும் கூடாது, வெறுக்கவும் கூடாது. அதற்கப்புறம் நாளுக்கு மூன்று முறை அதிட்டானம். ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு மாலை 5 மணிக்கு டீயும் பழமும் கொஞ்சம் பொரியும் உண்டு. ஏற்கெனவே முகாம் முடித்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொரியாக எடுத்து வாயில் போட்டு, கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். படிக்க எதுவும் இல்லை, எழுத எதுவும் இல்லை, போன் அலுவலகத்துப் பெட்டியில் கிடக்கிறது, எதிரே சுவர். அந்த நாளின் பொழுதுபோக்கு அந்தப் பொரிதான்.

ஆசிரியரிடம் பேசுவது எப்படி? மதியம் 12 மணியிலிருந்து 1 மணிக்குள் பெயர் கொடுத்து, தனியாக ஐந்து நிமிடம் போய்ப் பார்க்கலாம். இரவு 9 மணிக்குமேல் கூடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் கனிவாக வரும், ஆனால் குறுகலாக வரும். கால் வலிக்கிறது என்றாலும், செத்துப்போன அப்பாவின் நினைவு வந்து அழுகை முட்டுகிறது என்றாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான்: இதுவும் மாறக்கூடியது, சமநிலையோடு கவனியுங்கள், முறையை மாற்றாதீர்கள். சிலருக்கு இது இரும்புக் கதவு. வேறு சிலருக்கு இதுவே விடுதலை. கதையைச் சொல்ல ஆள் இல்லாததால் கதை தானே ஓய்ந்துவிடும். எப்போதும் தன்னைப் பற்றி விளக்கிக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு (நம்மில் படித்தவர்கள் பலர் இந்த ரகம்) இந்தக் குறுகல் நல்லதே செய்கிறது என்பது என் எண்ணம்.

நம்மவர்களுக்கு வேறு சில வசதிகளும் உண்டு. இரவுச் சொற்பொழிவைத் தமிழிலேயே கேட்கலாம். தங்கவும் சாப்பிடவும் கட்டணம் கிடையாது. முகாம் முடித்தவர்களிடமிருந்து மட்டும், அதுவும் கடைசியில், விரும்பினால் நன்கொடை வாங்குகிறார்கள். முதல் நாளே கொடுக்கப் போனால் வாங்க மாட்டார்கள். ஆண், பெண் தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் முற்றிலும் தனித்தனி. தனியாகப் போகும் பெண்களுக்கும், அவர்களை அனுப்பும் வீட்டாருக்கும் இதில் ஒரு தைரியம்.

பத்தாம் நாள் காலை, மைத்ரி தியானம் (எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று நினைப்பது) சொல்லிக்கொடுத்தபிறகு, மௌனத்தை முடித்துவிடுவார்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் பேசிப் பழகிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நான் பார்த்த மற்ற இடங்களில் இவ்வளவு யோசித்துச் செய்யப்படவில்லை. நேரே மௌனத்திலிருந்து கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

மகாசி முறை

மகாசி சயாடோ (1904–1982) பர்மியத் துறவி. 1940களின் கடைசியில் ரங்கூனில் தொடங்கிய அவருடைய மையத்திலிருந்து இந்த முறை உலகெங்கும் போனது. இலங்கையில் இதற்குப் பழைய, நம்பகமான இடம் கம்பஹா மாவட்டத்தில் தெல்கொடைக்குப் பக்கத்தில் உள்ள கந்துபொட மையம். 1956இல் தொடங்கியது. கொழும்பு விமான நிலையத்திலிருந்து தூரமில்லை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்கூட எடுக்காது. சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போவதைவிட இது சுலபம் என்று ஒரு வகையில் சொல்லலாம்.

இங்கே ஒரு மணி நேரம் நடை, ஒரு மணி நேரம் இருக்கை என்று மாறி மாறி வரும். உட்காரும்போது மூச்சுக்கு வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, 'எழுகிறது', 'தாழ்கிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு ஏதாவது வந்தால் அதைக் குறிக்க வேண்டும்: 'வலி', 'நினைவு', 'கேட்கிறது'. நடக்கும்போது 'தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன்'. இது கூடத்தோடு முடிவதில்லை. கதவைத் திறப்பது, செருப்பு மாட்டுவது, வாளியில் தண்ணீர் பிடிப்பது எல்லாமே பயிற்சிதான். எல்லாரும் நோயாளிகள்போல மெதுவாக நடமாடுவதை முதல் தடவை பார்க்கும்போது ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்துவிட்டோமோ என்று இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில்தான் இது முழுசாகப் புரியும். இலங்கையில் மையங்களுக்கு மதிய உணவைப் பெரும்பாலும் குடும்பங்கள் தானமாகக் கொண்டுவருகின்றன. செத்தவர் நினைவு நாள், பிள்ளையின் பிறந்தநாள், இப்படி ஏதாவது காரணம் இருக்கும். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், மூன்று நாலு கறி, கடைசியில் கித்துள் பாணி (கூந்தல்பனைப் பாகு) விட்ட தயிர். கொண்டுவந்தவர்கள் ஓரமாகக் கும்பிட்டபடி நிற்பார்கள். நீங்கள் கையை நீட்டுகிறீர்கள், தொடுகிறீர்கள், பிசைகிறீர்கள், வாய் திறக்கிறது, மெல்லுகிறது, சுவை தெரிகிறது, அடுத்த வாய்க்கு ஆசை வருகிறது. வாயில் இருப்பதை முழுங்குவதற்கு முன்பே கை தட்டுக்குப் போய்விடும். அந்த அவசரத்தைக் கண் முன்னால் பார்ப்பது, அதுவும் கொடுத்தவர்கள் கும்பிட்டு நிற்கும்போது பார்ப்பது, எந்தச் சொற்பொழிவும் தராத பாடம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தானச் சாப்பாட்டில் மீனோ கருவாடோ இருக்கலாம். மதியம் 12க்கு மேல் திட உணவு கிடையாது. பொரியும் கிடையாது.

இனி ஆசிரியர் விஷயம். மகாசி முறையின் முதுகெலும்பே அறிக்கை சொல்வதுதான். தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆசிரியத் துறவியிடம் போய் என்ன கவனித்தீர்கள், எப்படிக் குறித்தீர்கள், குறித்ததும் அது என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். அபிப்பிராயம் சொல்லக் கூடாது. 'மனம் ரொம்ப அமைதியா இருந்துச்சு சாமி' என்றால் அவர் அடுத்த கேள்வி கேட்பார்: அமைதியைக் கவனித்தீர்களா? கவனித்தபோது இருந்ததா, போனதா? பத்து நிமிடத்தில் உங்கள் பயிற்சியில் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கேற்ப நடையைக் கூட்டச் சொல்வார், இருக்கையைக் குறைக்கச் சொல்வார், குறிப்பதை நிறுத்தி வெறுமனே கவனிக்கச் சொல்வார். கோயங்கா முகாமில் கிடைக்காதது இதுதான். அங்கே முறைக்கு நீங்கள் பொருந்த வேண்டும். இங்கே முறையை உங்களுக்குக் கொஞ்சம் பொருத்திக்கொடுப்பார்கள்.

இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள். ஆசிரியர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். அவரோடு உங்களுக்கு ஒரு பொது மொழி வேண்டும். கந்துபொடயில் சிங்களமும் ஆங்கிலமும்தான். ஆங்கிலத்தில் காய்கறி வாங்கத் தெரிந்தால் போதாது. 'மார்புக்குள் ஏதோ கெட்டியாக இருந்து உருகியது' என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறுபவருக்கு இந்தக் காரணத்தினாலேயே மகாசி முறையின் பெரிய பலன் பாதியாகிவிடும். அவருக்குத் தமிழ்ச் சொற்பொழிவோடு கூடிய கோயங்கா முகாமே மேல்.

காலமும் ஒரு விஷயம். இந்த முறையில் பத்து நாள் என்பது கைபழகவே சரியாக இருக்கும். பர்மாவில் ஆறு வாரம், எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்றுதான் கணக்கு. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பேரி என்ற ஊரில் உள்ள மையம் வருடந்தோறும் மூன்று மாத மௌன முகாம் நடத்துகிறது. 1970களின் நடுவில் அதைத் தொடங்கியவர்கள் ஆசியாவில் படித்துவிட்டுப் போனவர்கள். ரங்கூனுக்கே போவது என்ற பழைய யோசனையை 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு நான் யாருக்கும் சொல்வதில்லை.

பெருமாள்மலை

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோவை 1996இல் தொடங்கியவர் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார். பாதிரியார் எப்படி ஜென் குரு என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானில் காமகுராவில் யமதா கோவுன் என்பவரிடம் பயின்று, கற்பிக்கும் அனுமதி பெற்றவர். யமதாவும் இல்லறத்தார்தான். ஆமா சாமி பிறந்தது 1936இல், பர்மாவில். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் முகாம்களில் இரண்டு, பர்மாவில் பிறந்த இரண்டு இந்தியர்கள் தொடங்கியவை என்பது வேடிக்கையான ஒற்றுமை.

ஜென்னில் தீவிர மௌன முகாமுக்கு செஷின் என்று பெயர். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள். 25 நிமிடம் சுவரைப் பார்த்து அரைக்கண் திறந்து உட்காருவது, பிறகு சில நிமிடம் வரிசையாக நடப்பது, மறுபடி உட்காருவது. நடுவில் சமையலறையிலோ தோட்டத்திலோ மௌனமாக வேலை. முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த 25 நிமிடக் கணக்கு பெரிய வரம். ஒரு மணி நேரம் அசையாமல் இரு என்று யாரும் சொல்வதில்லை. அந்த 25 நிமிடம் மட்டும் அசையாமல் இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார்கள். பிறகு சிலருக்கு கோவான், அதாவது யோசித்து விடை காண முடியாத புதிர்க் கேள்வி, கொடுப்பார்கள். ஆசிரியரைச் சந்திக்கும் முறைக்கு தொக்குசான் என்று பெயர். உங்கள் முறை வந்ததும் மணியைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு எதிரே உட்கார வேண்டும். 'நாய்க்குப் புத்த இயல்பு உண்டா?' என்ற கேள்விக்கு ஜோஷு என்ற பழைய குரு 'மு' என்றார். அந்த 'மு' என்ன என்று காட்டுங்கள் என்பார் ஆசிரியர். விளக்கம் சொன்னால் எடுபடாது. படித்துவிட்டு வந்து சொன்னால் உடனே தெரிந்துவிடும். இரண்டு நிமிடத்தில் மணி அடித்து உங்களை வெளியே அனுப்பிவிடலாம். ஆக, இங்கே சந்திப்பு அடிக்கடி உண்டு, தினமும் உண்டு, ஆனால் அது ஆறுதலுக்கோ ஆலோசனைக்கோ உரியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மகாசி ஆசிரியர் உங்களிடமிருந்து துல்லியத்தைக் கேட்கிறார். ஜென் ஆசிரியர் உங்கள் துல்லியத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்.

செஷின் இல்லாத நாள்களிலும் அங்கே போய்த் தங்கலாம், அப்போது மௌனம் தளர்வாக இருக்கும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். மலைக் குளிர் உண்டு. ஸ்வெட்டர் இல்லாமல் போனால் முதல் நாள் தியானமெல்லாம் குளிரைப் பற்றித்தான்.

நிலம்பே

கண்டி மாவட்டத்தில் கலஹாவுக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது. காட்வின் சமரரத்னவின் (1932–2000) பெயரோடு சேர்ந்தே அறியப்பட்ட இடம். அவரும் துறவி இல்லை. இங்கே நிரந்தரமான அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். மூன்று நாளோ மூன்று வாரமோ உங்கள் விருப்பம். ஒரே முறைதான் என்ற கட்டாயம் இல்லை. மூச்சு, மைத்ரி, நடை, எண்ணங்களோடு நட்பாக இருப்பது என்று பல வழிகள். உரையாடல் நேரம் உண்டு, கேள்வி கேட்டால் பதில் நிதானமாக வரும்.

இவ்வளவு மென்மையான இடத்துக்கு நான் முதலில் அனுப்புவது இரண்டு பேரை. ஒருவர், பத்து நாள் என்றாலே அரண்டு போகிறவர். இன்னொருவர், தன்மேலேயே கடுமையாக இருக்கும் பழக்கம் உள்ளவர். இப்படிப்பட்டவர் அதிட்டானத்தை ஒரு போட்டித் தேர்வாக்கிவிடுவார். ஆனால் சோம்பலுக்குச் சாக்குத் தேடுபவருக்கு நிலம்பே நல்ல சுற்றுலாவாக முடிய வாய்ப்பு அதிகம். காட்சி அப்படி.

இன்னும் இரண்டு

பர்மாவின் பா அவுக் ஆசிரமத்திலிருந்து வந்த முறை தனி உலகம். மூச்சின்மேலேயே மனதை நிறுத்தி, உள்ளே ஒரு ஒளி நிலைபெறும் வரை காத்திருந்து, ஜான நிலைகளுக்குள் (மனம் ஆழ்ந்து ஒருமுகப்படும் நிலைகள்) போய், அதற்கப்புறம்தான் விபாசனா. அடிப்படை நூல், பழைய பௌத்த உரையாசிரியர் புத்தகோசரின் விசுத்திமார்க்கம். அதை எழுதியது அனுராதபுரத்தில் என்றாலும், அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரையே சொல்கிறது. நமக்கு அவ்வளவு அந்நியர் அல்ல. இலங்கையில் குருநாகல் பக்கம் உள்ள நா உயன ஆரண்யத்தில் இந்த முறையில் பயிலலாம். மாதக்கணக்கில் நேரம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பத்து நாளில் ஒளி தேடப் போனால், கிடைக்கவில்லையே என்ற ஏக்கம்தான் மிஞ்சும்.

தாய்லாந்தில் சையா என்ற ஊரில் புத்ததாச பிக்கு 1932இல் தொடங்கிய சுவான் மோக்கின் வெளிநாட்டவர் முகாம், சிமெண்ட் படுக்கைக்கும் மரத் தலையணைக்கும் பேர்போனது. பெரும்பாலும் உரைகள் வழியாகச் சொல்லித்தருவார்கள். நல்ல இடம்தான், ஆனால் நம் பக்கத்திலிருந்து பத்து நாளுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

சரி, யார் எங்கே?

இதுவரை நீண்ட நேரம் உட்கார்ந்ததே இல்லை, தமிழில் கேட்டால்தான் மனதில் பதியும், செலவு கூடாது, உடம்பும் மனதும் ஓரளவு திடமாக இருக்கிறது என்றால் கோயங்கா முகாம். இதற்கு மாற்று தேட வேண்டாம். விடுப்பு எவ்வளவு தேவை என்றும் பாருங்கள். பத்து நாள் முகாம் என்பது, சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்துப் பன்னிரண்டு நாள். புதன்கிழமை தொடங்கும் முகாமாகப் பார்த்துப் போட்டால் அடுத்த வாரம் ஞாயிறு காலை வெளியே வரலாம். சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவர்களுக்கு எட்டு நாள் விடுப்பில் முடிந்துவிடும். அலுவலகத்தில் 'குலதெய்வக் கோயில்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பன்னிரண்டு நாள் போன் எடுக்காத குலதெய்வம் எது என்று மேலதிகாரி யோசிக்க மாட்டார் என்றா நினைக்கிறீர்கள்? உண்மையையே சொல்லிவிடலாம்.

கோயங்கா முகாம் ஒன்று முடித்தாயிற்று, அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்குத்தான் முடிவு சிக்கலானது. அங்கேயே தொடர்ந்தால், பத்து நாள் முகாம் மூன்று முடித்தபிறகு சதிபட்டான முகாம் (புத்தரின் சதிபட்டான உரையை வைத்து நடப்பது), பிறகு 20, 30, 45, 60 நாள் என்று போகலாம். ஆனால் 20 நாள் முகாமுக்கே பத்து நாள் முகாம் ஐந்து, சதிபட்டான முகாம் ஒன்று, அதோடு இரண்டு வருடமாவது இந்த ஒரு முறையை மட்டுமே தினமும் பயின்றிருக்க வேண்டும் என்று நிபந்தனை. நடுவில் கந்துபொட போய் மகாசி முறையைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கணக்கு அடிபடும். இந்தக் கண்டிப்பைக் குறுகிய மனம் என்று திட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 45 நாள் தனி அறையில் ஒருவரை உட்காரவைப்பவர்கள், அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம்.

அதனால் முதல் முகாமிலிருந்து வெளியே வரும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். உதவி ஆசிரியரிடம் போன அந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்ததா? போதும், சொன்னதைச் செய்தேன், சரியாகிவிட்டது என்றால் அங்கேயே தொடருங்கள். கேட்க நினைத்ததைக் கேட்க முடியவில்லை, ஏதோ நடந்தது ஆனால் என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை என்றால், மூன்று வாரம் ஒதுக்கிக்கொண்டு கந்துபொட போங்கள். உட்காருவதே சித்திரவதையாக இருந்து, நடக்கும்போது மட்டும் மனம் நின்றது என்றாலும் அதே பதில்தான். எல்லாம் புரிந்துவிட்டதுபோல இருக்கிறது, அந்தப் புரிதலே இடைஞ்சலாகவும் இருக்கிறது என்றால் பெருமாள்மலை.

போகக் கூடாதவர்கள்

இதில் நழுவிப் பேசக் கூடாது. நீண்ட மௌனம் எல்லாருக்கும் நல்லது என்ற பேச்சு தவறு. நீண்ட தியானத்தால் வரும் பயம், தூக்கமின்மை, தன்னைவிட்டுத் தான் விலகியதுபோன்ற உணர்வு ஆகியவற்றை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வில்லபி பிரிட்டனும் ஜாரெட் லிண்டாலும் பயிற்சியாளர்களிடம் விரிவாகப் பேட்டி எடுத்து 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கே இப்படி நேர்ந்திருக்கிறது.

மனச்சிதைவு, இருமுனை மனநோய், தற்கொலை எண்ணம் ஆகியவை எப்போதாவது இருந்திருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் எந்த முகாமுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பத்தில் இதைக் கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போய்விடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் உள்ளே ஏதாவது ஆகும்போது அவர்களுக்கு உங்களைப் பார்த்துக்கொள்ள வழி இருக்காது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை முகாமுக்காக நிறுத்தவே கூடாது. வீட்டில் இழவு விழுந்து சில மாதங்களே ஆகியிருந்தால் நிலம்பேபோலப் பேச ஆள் உள்ள இடமாக, நாலைந்து நாளுக்கு மட்டும் போங்கள்.

உள்ளே போனபிறகு இரண்டு இரவு தொடர்ந்து தூக்கமே வரவில்லை, ஆனாலும் களைப்பே இல்லை, மனம் பறக்கிறது என்றால் அதை ஞானம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் 'தொடருங்கள்' என்று மட்டும் சொல்லி, உங்களுக்கு நிலைமை மோசமாகிறது என்று தோன்றினால், கிளம்பிவிடுங்கள். நடுவில் போகக் கூடாது என்று எல்லா முகாமிலும் அழுத்திச் சொல்வார்கள். அது ஏழாம் நாள் சலிப்புக்குச் சொன்ன அறிவுரை.

இடம் பிடிப்பது தனி வேலை. தம்ம சேதுவில் பதிவு திறந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளி விடுமுறை மாதங்களில் சீக்கிரம் நிறைந்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் நம்பிக்கையை விட வேண்டாம், கடைசி வாரத்தில் நிறையப் பேர் கழன்றுகொள்வார்கள். இலங்கைக்கு விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் முன் பாருங்கள். திரும்பும்போது முகாம் முடிந்த அன்றே விமானம் ஏறாமல், ஒரு நாள் எங்காவது தங்கிவிட்டு வாருங்கள். கிளம்பும் முன் மையத்தின் அலுவலக எண்ணை வீட்டில் ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் அந்த எண்ணுக்கு அழைத்தால் உங்களிடம் வந்து சொல்வார்கள். எது அவசரம், எது அவசரமில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவைப்பது உத்தமம். கேஸ் சிலிண்டர் எங்கே பதிவு செய்வது என்று கேட்டு முகாமுக்குப் போன் வந்த கதை உண்டு.